வேனில் ஜெனரேட்டர்: வேண்டுமா, வேண்டாமா?

போன மாதம் நம் போலாரம் அன்பர்கள் கூடிய கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். நான் ஒருவன் மட்டும் தூக்கவில்லை. "மாமாவுக்கு எப்போதும் ஒரு 'ஆனால்' இருக்கும்" என்று ஒரு தம்பி சொல்ல, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அன்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் நம் குடும்பங்கள் சேர்ந்து ஊருக்கும் கோயில்களுக்கும் போய் வருகிறோம். ஹைதராபாத்திலிருந்து கர்நூல், அனந்தபூர், பெங்களூர், ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாக மதுரைக்கே ஆயிரம் கிலோமீட்டர். அதற்கு மேல் ராமேஸ்வரம், திருச்செந்தூர், பழநி. ரயிலில் இத்தனை பேருக்கு ஒன்றாக டிக்கெட் கிடைப்பதில்லை. லாட்ஜுகளில் முதியவர்களுக்கு ஏற்ற குளியலறை இருப்பதில்லை. அதனால் நம் இளைஞர்கள் சிலர் பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் படுக்கைகள் அமைத்து, ஏ.ஸி. மாட்டி, சினிமாக்காரர்களின் கேரவன் போல ஆக்கலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி வண்டியை நிறுத்திய பிறகு ஏ.ஸி. ஓட வேண்டுமே? அதற்குப் பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தில் ஒரு ஜெனரேட்டர். ஷெட்டில் வேலை செய்யும் மெக்கானிக் என்னிடமே சொன்னார்: "ஏமீ காது சார். புகை வெளியே போக ஒரு பைப் விட்டால் போதும்."

திட்டம் போட்ட பிள்ளைகளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பெற்றோரைச் சௌகரியமாக அழைத்துப் போக வேண்டும் என்ற எண்ணம் எத்தனை வீட்டில் இருக்கிறது? எண்ணம் தங்கம். அதைச் செய்யப் போகும் முறையில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து. "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அந்தக் கதையை இதுவரை நம் வட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

புளியோதரை மேல் போட்ட பழி

1996-ஆம் வருஷம் மே மாதம். போலாரத்திலிருந்து நான்கு குடும்பங்கள் ஒரு வேன் பிடித்துப் பழநிக்குப் புறப்பட்டோம். மின்சார வேலை தெரிந்தவன் என்ற பெருமை எனக்கு. தெரிந்தவரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இரவல் வாங்கி, வேனின் பின்பக்கம் சாமான்களுக்கு நடுவே கயிற்றால் கட்டினேன். இரண்டு டேபிள் ஃபேன், ஒரு ட்யூப் லைட். "பின் கதவைப் பாதி திறந்து வைத்தால் புகை போய்விடும்" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னவனும் நான்தான்.

தர்மபுரிக்கு முன்னால் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படுத்தோம். திடீரென்று தூறல். கொசு வேறு. ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடினோம். ஃபேன் சுற்றியது. அப்படியே தூங்கிப் போனோம்.

நடுநிசிக்கு மேல் என் மகள் எழுந்து தலை வலிக்கிறது என்று அழுதாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த நிமிஷம் வாந்தி. பக்கத்தில் படுத்திருந்த பையனும் வாந்தி எடுத்தான். எனக்கே தலை கனத்து, கால் துவண்டது. என் மாமியாரை எழுப்பினால் முனகினாரே ஒழிய எழுந்திருக்கவில்லை. வாந்தி நாற்றம் தாங்காமல் என் மனைவி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினோம். பெரியவரையும் கைத்தாங்கலாக இறக்கினோம். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது.

ராத்திரி சாப்பிட்டது புளியோதரை. எங்களோடு வந்த ஓர் அம்மாள் போலாரத்திலிருந்தே கட்டிக்கொண்டு வந்தது. "வெயிலில் கெட்டுப் போயிருக்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அதன் பிறகு பல வருஷம் எந்தப் பயணப் பேச்சு வந்தாலும், "புளியோதரை மட்டும் வேண்டாம்" என்று கேலி செய்தோம். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் அவர் சமைத்துக் கொண்டு வரவே இல்லை.

சில வருஷங்கள் கழித்து நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. கார்பன் மோனாக்ஸைடு வாயுவைப் பற்றிப் பேசிய டாக்டர் அறிகுறிகளை வரிசையாகச் சொன்னார்: தலைவலி, குமட்டல், வாந்தி, கை கால் துவளுதல், எழுப்பினாலும் எழ முடியாத மயக்கம், வெளிக்காற்றுக்கு வந்ததும் தெளிதல். ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் இவை எல்லாம் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றைச் சந்தேகியுங்கள் என்றார். என் நாற்காலியில் நான் உறைந்து போனேன். தர்மபுரி ராத்திரியை அவர் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். புளியோதரையில் ஒரு குறையும் இல்லை. நஞ்சை வைத்தவன் நான். வாந்தி நாற்றம் எங்களைக் காப்பாற்றியது. என் மகள் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் அந்த வேனில் பதினாறு பேர்.

அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டேன். பிறகு அவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள். அவர்கள் அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு பழுதும் இல்லை என்று இன்று எழுத்தில் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

வடகரையில் நடந்தது

"அது பழைய மண்ணெண்ணெய் மெஷின் மாமா, இப்போது எல்லாம் நவீனம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களுக்காகச் சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி, கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்கு அருகே கரிம்பனப்பாலம் என்ற இடத்தில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். நம் திட்டத்தைப் போல ஷெட்டில் ஒட்டுப்போட்ட வண்டி அல்ல அது. சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடப்படும் வண்டி. கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியோடு வந்த இருவரும் நிறுத்தி ஓய்வெடுத்தார்கள். ஏ.ஸி. ஓடுவதற்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் படியருகே கிடந்தார் என்று செய்தியில் படித்தேன். வெளியே வர முயன்றாரோ என்னவோ.

கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த ஒரு துவாரத்தின் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கார்பன் மோனாக்ஸைடின் அளவு 957 பி.பி.எம். ஆகியிருந்தது. அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு. கேட்பதற்குச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் 400 பி.பி.எம். இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிருக்கு ஆபத்து. 800 என்றால் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மூன்று மணியில் மரணம். தூங்குகிறவனுக்குத் தலைசுற்றுவது எப்படித் தெரியும்?

யோசித்துப் பாருங்கள். கதவு மூடியிருந்தது, கண்ணாடி மூடியிருந்தது, ஏ.ஸி. குளிர்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு துவாரம் மட்டும்தான் கணக்கில் விட்டுப்போனது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை நாற்றம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் எல்லா சீட்டையும் டிக்கெட் இல்லாதவன் பிடித்துக்கொண்டால் டிக்கெட் வாங்கியவன் நிற்க வேண்டியதுதானே, அந்தக் கதை. குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ள முதியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். நம் வண்டியில் போகப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இன்னொன்று. கொரோனா காலத்தில் நம் எல்லோர் வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. அதை மாட்டிப் பார்த்து "98 காட்டுகிறது, ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல ரத்தம் என்றே காட்டும். சரியான அளவு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலைப்பகுதி விடுதியில், குளிருக்காக அறைக்குள் கேஸ் ஹீட்டர் வைத்து, கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு படுத்த கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். ஜெனரேட்டரானாலும் ஹீட்டரானாலும் கரி அடுப்பானாலும் ஒன்றுதான். மூடிய இடம், எரியும் நெருப்பு, தூங்கும் மனிதர்கள். இந்த மூன்றும் ஒன்று சேரக் கூடாது.

"ஒரு பைப் விட்டால் போதும்" என்பது ஏன் போதாது?

மெக்கானிக் நண்பர் சொன்ன பைப்பைப் பற்றி இப்போது பார்ப்போம். முறையாகக் கேரவன் கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் வித்தியாசம் தெரியும்.

முதலில், வண்டிக்குள் பொருத்துவதற்கென்றே செய்த ஜெனரேட்டர் வேறு. கடையில் வாங்கி வாசலில் வைத்து ஓட்டும் ஜெனரேட்டர் வேறு. வாசலில் வைப்பது நாலா பக்கமும் திறந்த வெளிக் காற்றில் ஆற வேண்டும் என்று செய்யப்பட்டது. அதைப் பெட்டிக்குள் அடைத்தால் சூடேறும். காற்றுக் குறைந்தால் எரிபொருள் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு இன்னும் அதிகமாக வரும். அதன் பெட்ரோல் டாங்க் அதன் தலைமேலேயே இருக்கிறது. சூடான இயந்திரத்தின் மேல் பெட்ரோல், அதற்குப் பக்கத்தில் படுக்கை. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டிக்கென்று செய்ததைத் தனி உலோக அறையில் வைப்பார்கள். அந்த அறைக்கும் மனிதர் இருக்கும் பகுதிக்கும் நடுவே ஊசி போகும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. வயர் போகும் துளை, எரிபொருள் குழாய் போகும் துளை எல்லாவற்றையும் தீப்பிடிக்காத பொருளால் அடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாக மட்டுமே திறக்க வேண்டும். காற்று வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போக வேண்டும். வடகரையில் உயிரைக் குடித்தது ஒரு துவாரம் என்பதை மறக்க வேண்டாம்.

புகைக் குழாய் வண்டியின் அடியில் முடியக் கூடாது. வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீள வேண்டும். அதற்கு மேலே ஜன்னலோ ஏ.ஸி. காற்று இழுக்கும் வழியோ இருக்கக் கூடாது. நம் சாலைகளில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் எந்தக் குழாயும் ஆடும். வேகத்தடையில் அடிபடும், இணைப்பு விட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டும். போலாரத்தில் சரியாக இருந்த குழாய் தர்மபுரியிலும் சரியாக இருக்கும் என்பதற்கு யார் ஜவாப்தாரி?

மின்சாரத்துக்கு வருவோம், இது என் துறை. ஜெனரேட்டர் மின்சாரமும் வெளியிலிருந்து பிளக் மூலம் எடுக்கும் மின்சாரமும் ஒரே சமயத்தில் சேராதபடி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் அவசியம். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் இ.எல்.ஸி.பி. அவசியம். ஆனால் அதை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனுடனும் இணைக்கப்படாமல் இருக்கும். அதை முறைப்படி ஜெனரேட்டரின் உடலோடும் வண்டியின் சேஸிஸோடும் இணைக்காவிட்டால், ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது அந்த இ.எல்.ஸி.பி. சும்மா வேடிக்கை பார்க்கும். வீட்டு வயரிங் தெரிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. வண்டி இரும்பு, மழையில் நனைந்த தரை, வெறுங்காலோடு இறங்கும் பாட்டி. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. பஸ் என்று பதிவான வண்டியைக் கேரவனாக்கி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கப் போவது சான்றிதழைத்தான். சட்டம் போலீஸுக்குப் பயப்பட மட்டும் அல்ல. தெரிந்தவன் ஒருவன் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவும்தான்.

நம் சாலை, நம் ஊர்

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 அக்டோபர் 30-ஆம் தேதி விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் வந்துகொண்டிருந்த பஸ் மஹபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24-ஆம் தேதி, இங்கிருந்து பெங்களூர் போன பஸ் கர்நூல் அருகே எரிந்து ஏறக்குறைய 20 பேர் போனார்கள். இரண்டும் நாம் ஊருக்குப் போகும் அதே நெடுஞ்சாலை. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். விடியற்காலையில் டீ போடுவதற்காகப் பற்ற வைத்தது. டீ குடிக்க நினைத்தது குற்றமா? இல்லை. அதை வண்டிக்குள் போட நினைத்ததுதான்.

இவ்வளவு தூரம் போவானேன். நம் செகந்தராபாத்திலேயே 2022 செப்டம்பரில் கீழ்த்தளத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் கடையில் பற்றிய தீயின் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறி, லாட்ஜில் தங்கியிருந்த 8 பேரைக் கொன்றது. 2023 மார்ச்சில் ஸ்வப்னலோக் கட்டடத்தில் 6 இளம் உயிர்கள் போயின. அங்கேயும் கொன்றது பெரும்பாலும் புகைதான். தப்பிக்க வழி ஒன்றுதான் என்றால் அந்த வழியில்தான் புகையும் வரும். நம் இளைஞர்கள் காட்டிய வரைபடத்தில் மினி பஸ்ஸின் பின்பக்க அவசர வழியை மூடித்தான் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு படுக்கை, ஒரே கதவு.

அப்படியானால் பெரியவர்கள் வேகட்டுமா?

இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய மாமனாருக்கு மூச்சுத் திணறல், ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டும். இன்னொருவர் இன்சுலின் போடுகிறவர், மருந்து கெடாமல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பெரிய மனுஷன் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு டன் ஏ.ஸி. எட்டு மணி நேரம் ஓட ஆறு முதல் எட்டு யூனிட் மின்சாரம் வேண்டும். நாம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 150 ஆம்பியர்-ஹவர் பாட்டரியில் முழுசாக 1.8 யூனிட் இருக்கும். பாட்டரி கெடாமல் எடுக்கக் கூடியது அதில் பாதி. ஆக ஏ.ஸி.க்கு ஏழெட்டு பாட்டரி வேண்டும். அது நடக்காத காரியம். ஆனால் மின்விசிறி? 20 வாட் டி.ஸி. ஃபேன் நான்கு எட்டு மணி நேரம் ஓட முக்கால் யூனிட்கூட வேண்டாம். ஒரே பாட்டரி போதும். நெபுலைசருக்கும் இரண்டு விளக்குக்கும் இன்னொன்று. பகலில் வண்டி ஓடும்போது அதற்கென்ற சார்ஜர் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் குளிர்ப்பை போதும். புகை இல்லை, சத்தம் இல்லை. லிதியம் பாட்டரி வைப்பதானால் நல்ல தரத்தில் வாங்கி, தெரிந்தவரை வைத்துப் பொருத்த வேண்டும். ஸ்கூட்டர் கடைத் தீ எதில் தொடங்கியது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஏ.ஸி. வேண்டுமென்றால் வண்டி ஓடும்போது போட்டுக்கொள்வோம். ராத்திரி நிறுத்தும் இடம் பிளக் கிடைக்கும் இடமாக இருக்கட்டும். சத்திரமோ கல்யாண மண்டபமோ, மீட்டருக்குப் பணம் கொடுத்தால் முறையான வயர் இழுக்க யாரும் மறுக்க மாட்டார்கள். அதுவும் இல்லையென்றால் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இரண்டு அறை எடுப்போம். அந்தச் செலவை எல்லோரும் பங்கு போடலாம். ஜெனரேட்டர் வாங்கும் பணத்தில் எத்தனை ராத்திரி அறை எடுக்கலாம் என்று பொருளாளர்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எஞ்சினை ஓட விட்டு ஏ.ஸி. போட்டுத் தூங்கும் பழக்கம் நம் டிரைவர்களுக்கு உண்டு. அதுவும் இதே ஆபத்துதான். சபரிமலைக்குப் போகும்போது நிலக்கல் போன்ற பெரிய நிறுத்துமிடங்களில் வண்டிகள் தோளோடு தோள் உரசி நிற்கும். பக்கத்து வண்டியின் புகை நம் ஜன்னலில் வரும். நம்மிடம் ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் எச்சரிக்கை வேண்டும்.

கமிட்டிக்கு என் விண்ணப்பம்

அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒன்று: மனிதர்கள் தூங்கும் வண்டியில் ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடக் கூடாது. இதற்கு விலக்கு கிடையாது, மழையானாலும் கொசுவானாலும்.

இரண்டு: ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தால், அங்கீகாரம் பெற்ற கேரவன் கட்டுநரிடம் கொடுத்து, சான்றிதழோடு செய்ய வேண்டும். ஷெட் வேலை வேண்டாம்.

மூன்று: ஜெனரேட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று படுக்கும் உயரத்தில் மாட்ட வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு. இரண்டும் வேண்டும். இவற்றுக்கும் ஆயுள் உண்டு. தேதி பார்த்து மாற்ற வேண்டும். உலர்தூள் தீயணைப்பான் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

நான்கு: அவசர வழியை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. புறப்படுவதற்கு முன் குழந்தைகள் உட்பட எல்லோரும் ஒரு முறை அதன் வழியாக இறங்கிப் பழக வேண்டும். கேஸ் சிலிண்டர் வண்டியில் ஏறக் கூடாது.

ஐந்து: இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ வாந்தியோ வந்தால், காரணம் தேடாமல் எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும். ஓடுவதை அணைத்து, கதவுகளைத் திறந்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நாங்கள் அன்று காட்டவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் அல்ல.

கணபதி ஊர்வலத்தில் தள்ளுவண்டியில் வைத்த ஜெனரேட்டர் நம் போலாரம் பஜாரில் வருஷா வருஷம் ஓடுகிறது. அது திறந்த வெளி. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வண்டிக்குள் வைத்தாலும் சாதாரணமாகத்தான் தெரியும். பழக்கம் பயத்தை எடுத்துவிடுகிறது. எனக்கு அன்று பயம் இல்லை, அதுதான் என் தப்பு.

பிள்ளைகளே, உங்கள் மினி பஸ் யோசனையை நான் எதிர்க்கவில்லை. படுக்கை போடுங்கள், ஃபேன் மாட்டுங்கள், பாட்டரி வையுங்கள். வயரிங் வேலையை நானே வந்து கூலி இல்லாமல் செய்து தருகிறேன். கண் கொஞ்சம் மங்கல், கை இன்னும் நடுங்கவில்லை. ஜெனரேட்டரை மட்டும் போலாரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்தப் பயணத்தில் முதல் ராத்திரிச் சாப்பாடு புளியோதரையாக இருக்கட்டும்.